கை நனைக்காத மேசை

செவ்வந்தி பெரியம்மா ரகசியம் சொன்னால் அடுத்த வளவு வரைக்கும் கேட்கும். ஒருமுறை என்னைக் கூப்பிட்டு, "இத ஒருத்தர்கிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு" என்று அவர் மெதுவாகச் சொன்னதற்கு, எதிர் வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா, "நான் எதுக்குங்க சொல்றேன்" என்று பதில் கொடுத்தார்.

குற்றம் பெரியம்மாவுடையது அல்ல. பல்லடத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர். குடோனுக்குள் வரிசையாகத் தறிகள். ஒவ்வொன்றிலும் ஊடு நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்ந்து அடிக்கிற அடியில், பக்கத்தில் இடி விழுந்தாலும் மறுநாள் யாராவது சொன்னால்தான் தெரியும். அதற்குள்ளேயே காலம் தள்ளுகிறவர்களுக்குக் காது பாதி போய்விடும். போன பாதிக்குக் கண் வந்து நிற்கும். எதிர் வரிசையில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே இழை அறுந்துவிட்டதா, டீ வந்துவிட்டதா, முதலாளி வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாரா என்று எல்லாவற்றையும் தெரிந்துகொள்வார்கள். லீவு நாட்களில் பெரியம்மாவோடு குடோனில் திரிந்ததில் எனக்கும் அது அரைகுறையாக வரும். பள்ளிக்கூடத்தில் படித்ததும் அரைகுறைதான். ஆனால் அதைவிட இது உபயோகம்.

பெரியப்பா ஓசூர்ப் பக்கம் இன்னொரு குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கிறார். அவரைப் பற்றி எழுத இவ்வளவு போதும்.

நவ்யா அக்கா அப்போது கைக்குழந்தை. நூல் கோன் வருகிற அட்டைப் பெட்டியில் பழைய சேலையை விரித்து, அதில் பிள்ளையைப் போட்டுவிட்டுப் பெரியம்மா தறி ஓட்டினார். அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகிய அக்காவுக்கு இன்றைக்கும் அமைதியான இடத்தில் தூக்கம் வராது. காலேஜ் ஹாஸ்டலில் எல்லோரும் வேண்டாமென்று ஓடிய மோட்டார் ரூம் பக்கத்து அறையை இவள் கேட்டு வாங்கினாள்.

பெரியம்மாவுக்குச் சமையல் வராது. கற்றுக்கொள்ள நேரம் இருந்ததில்லை. ஆனால் தின்பதில் அவரைப்போல நாக்கு உள்ளவரை நான் பார்த்ததில்லை. வேலைக்கு நடுவே பேக்கரிக்குப் போனால் தேங்காய் பன்னைப் பிய்த்து, உள்ளே பூரணம் ஓரம்வரை வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். வரவில்லை என்றால், "ஏனுங்ணா, தேங்கா நடுவாலயே நின்னுபோச்சுங்களே, பஸ்ஸு கெடைக்கலீங்ளா?" என்று கடைக்காரரைக் கேட்பார். அடுத்த நாள் பன்னில் தேங்காய் வெளியே எட்டிப் பார்க்கும்.

இப்படிப்பட்டவரிடம்தான் நவ்யா அக்கா போய், "அம்மா, மாப்பிள்ள ஊட்டுக்காரங்க நம்மளப் பேக்கரிக்கு வரச் சொல்றாங்க" என்றாள்.

மாப்பிள்ளை என்றால் தமிழ்ச்செல்வன். அன்னூர்க்காரர், கணபதியில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை. அக்கா கணக்குப் பார்க்கிற ஆபீசுக்கு பில் கொண்டுவந்து வந்து, பில் இல்லாத நாளிலும் வர ஆரம்பித்தவர். அப்பா இல்லை. அம்மா வள்ளியாத்தாள், பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். மகன் விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பாத்துட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னாராம். அக்காவும் தன் பக்கம் ஒரு பேச்சு சொல்லிவைத்திருந்தாள். அந்த அம்மாவின் மனசு ஒப்பாமல் அந்த வீட்டுப் படி ஏற மாட்டாளாம். வேண்டாதவர்கள் வீட்டில் வாழப்போனால் என்ன ஆகும் என்பதை அட்டைப் பெட்டியில் படுத்திருந்த காலத்திலிருந்து பார்த்தவள். ஆகவே எல்லாம் வள்ளியாத்தாள் கையில் இருந்தது.

பெரியம்மா குதித்தார்.

"பேக்கரியிலயா? நின்னுக்கிட்டு டீயக் குடிச்சுட்டுப் பேசிப்போடற காரியமா இது? பக்கத்துல ஒருத்தன் பப்ஸ் தின்னுட்டிருப்பான், இன்னொருத்தன் பீடி பத்த வெப்பான், நான் என்ற மவளுக்கு மாப்பிள்ள பேசோணுமா?"

எங்கள் பக்கம் பேக்கரி என்றால் அதுதான். ரோட்டோரம், பைக்குகள், கண்ணாடி டம்ளர், எச்சில் தொட்டியில் பேப்பர். பெரியம்மாவைக் குறை சொல்ல முடியாது.

"அம்மா, இது அந்த மாதிரி இல்ல. ரேஸ்கோர்ஸ்ல இருக்குது. பிரெஞ்சு பேக்கரி. உள்ள ஏசி. உக்காந்து பேசலாம்."

"கோயிலுக்கு வரச் சொல்லு. மருதமலையில பேசுவோம்."

"கோயில்னா ஒறம்பரைச் சொந்தபந்தம் அத்தன பேரும் சாமி கும்பிடற சாக்குல வந்துருவாங்க. அங்கயே ஆளுக்கொண்ணு பேசுவாங்க. இங்கன்னா நாம அஞ்சு பேரு மட்டும். அதுவுமில்லாம, கடையில கை நனைக்கற பிரச்சனையே வராது பாருங்க."

அக்கா இதில்தான் தப்புக் கணக்குப் போட்டாள்.

பெண் பார்க்க வருகிறவர்கள் பேச்சு முடிகிறவரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர் குடிக்கலாம். பலகாரத்தைத் தொட்டால் சம்மதம் என்று அர்த்தம். தொடாமல் எழுந்துவிட்டால் இல்லை என்று அர்த்தம். வாயைத் திறந்து "வேண்டாம்" என்று சொல்கிற சங்கடம் யாருக்கும் கிடையாது, தட்டே சொல்லிவிடும். யார் கொடுத்ததை வாங்கித் தின்பது, யார் தட்டில் கை வைப்பது என்பதெல்லாம் எங்கள் ஆட்களுக்கு லேசான விஷயமும் அல்ல. பாட்டன் பூட்டன் காலத்தில் அதற்காகப் பட்டது நிறைய.

"கடையா இருந்தா என்ன?" என்றார் பெரியம்மா. "நாம காசு குடுத்து வாங்கி, நாம தட்டுல வெச்சா அது நம்ம ஊட்டுத் தட்டுதான். நான்தான் வாங்குவேன். அவிய தொட்டாச் சம்மதம்."

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார். நான் போய்க் கூட்டிவந்தேன். டவுன் பஸ்ஸில் என்னிடம் ரகசியமாக, "பயமா இருக்குது கண்ணு" என்றார். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பேக்கரி பழைய பங்களா ஒன்றில் இருந்தது. வெள்ளைச் சுவர், நீல ஜன்னல், வாசலில் நிற்க இடமில்லாமல் கூட்டம். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் வெண்ணெய் உருகுகிற வாசம் ரோடுவரை வந்து ஆளைக் கையைப் பிடித்து இழுத்தது. பெரியம்மா மூக்கை விரித்தபடி நின்றார். பயம் கொஞ்சம் குறைந்தது தெரிந்தது. அந்த நேரத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம்.

"பெரீம்மா, இங்க செருப்பக் கழட்டிப்போட்டுத்தான் உள்ள போகோணும்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே போனார். உள்ளே எல்லோரும் செருப்போடு இருப்பதை அவர் பார்ப்பதற்குள் கண்ணாடிப் பெட்டி அவரைப் பிடித்துக்கொண்டது.

நான் ஒத்துக்கொள்கிறேன், என்னையும்தான் பிடித்துக்கொண்டது. காந்திபுரத்தில் செல்போன் கவர் விற்கிறவளுக்குக் கண்ணாடிப் பெட்டி புதிதல்ல. ஆனால் இந்தப் பெட்டிக்குள் இருந்தவற்றை மனிதக் கைதான் செய்ததா என்று இருந்தது. பிறை மாதிரி வளைந்த குரோசான்கள், மினுமினுவென்று, அடுக்கு அடுக்காக. நீளமான எக்லேர்கள் மேல் சாக்லேட், அதில் நம் முகம் தெரிந்தது. உள்ளங்கை அகலத்தில் டார்ட்டுகள், மேலே வைத்திருந்த ஸ்ட்ராபெரி அப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி. சட்டைப் பொத்தான் மாதிரி வட்ட வட்டமாக ரோஸ், பச்சை, மஞ்சளில் மாக்கரோன்கள். பெரியம்மா கண்ணாடிக்கு அருகே குனிந்து குரோசானின் அடுக்குகளைப் பார்த்தார்.

"பாவு சுத்துன மாதிரியே இருக்குது பாரு. ஒரு இழை பெசகல. எந்தப் புண்ணியவான் செஞ்சானோ!"

கடை முழுக்கக் கேட்டது. பின்னால் சமையல் கட்டிலிருந்து வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

அக்கா முன்னாடியே வந்து கண்ணாடிச் சுவரோரம் மேசை பிடித்து வைத்திருந்தாள். அம்மாவின் காலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "உன்ன அப்பறம் கவனிச்சுக்கறேன்" என்று சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள். தறிக்காரி மகளாயிற்றே. ஓடிப்போய்ச் செருப்பை எடுத்துவரலாம் என்று அவள் எழுந்தபோது வள்ளியாத்தாள் வந்துவிட்டார்.

நல்ல உயரம். அகலமும் உண்டு. நெற்றியில் பட்டையாகத் திருநீறு, கையில் ஒயர் கூடை. வாசலில் நின்று, சுவரோரம் ஒரு ஜோடி செருப்பு இருப்பதைப் பார்த்தார். தன் செருப்பையும் கழற்றினார். மகனைப் பார்த்து ஏதோ சொல்ல, பாவம் தமிழ்ச்செல்வன் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தார். பின்னால் வந்த ஒரு குடும்பம் இதைப் பார்த்துத் தயங்கி, அவர்களும் கழற்ற ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் வாட்ச்மேன் அண்ணன் வந்து பார்த்தபோது, வாசல் மாரியம்மன் கோயில் மாதிரி இருந்தது.

"சுத்தமான எடமாத்தானுங் இருக்குது" என்று சொல்லிக்கொண்டே வள்ளியாத்தாள் உட்கார்ந்தார்.

"வாங்க வாங்கம்மிணி! பஸ்ஸுல கூட்டமுங்களா?" என்றார் பெரியம்மா.

பக்கத்து மேசைக்காரர் காப்பியைச் சிந்தினார். வள்ளியாத்தாள் நாற்காலியோடு கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்.

பெரியம்மா கவுண்டருக்குப் போய்ப் பெயர் தெரியாமலே விரலை நீட்டி நீட்டி வாங்கினார். "அந்தப் பெற நெலா. அந்த நீட்டமா இருக்கறது. அந்தப் பழம் வெச்சது. அந்தப் பச்சப் பொத்தான்." ஃபர்சானா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண், பிள்ளைகளைத் தூக்குவதுபோல ஒவ்வொன்றையும் எடுத்துத் தட்டில் வைத்து, தானே மேசைக்குக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னாள். குரோசான் இப்போதுதான் அடுப்பிலிருந்து வந்தது, சூட்டோடு சாப்பிட வேண்டும் என்றாள்.

யாரும் கை வைக்கவில்லை.

பெரியம்மா தட்டை வள்ளியாத்தாள் பக்கம் நகர்த்தினார். "எடுத்துக்கங்கம்மிணி."

"இருக்கட்டுமுங். பேசிக்குவோம்" என்று வள்ளியாத்தாள் தண்ணீரை மட்டும் குடித்தார்.

பேசினார்கள். எந்தக் குலதெய்வம், எந்தப் பக்கத்து உறவு, யாருக்கு யார் என்ன முறை. அக்காவுக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேள்வி வந்தது. "காலேஜ்ல கத்துக்கிட்டேனுங்" என்றாள் அக்கா. குரோசானிலிருந்து ஆவி எழுவது நின்றது. எனக்கு அடிவயிறு கத்தியது. ஃபர்சானா இரண்டாவது முறை வந்தாள்.

"ஏதாவது சரியில்லீங்களா? சூடு பண்ணிட்டு வரட்டுமா?"

"இல்லீங் அம்மிணி, நல்லாருக்குது" என்றார் பெரியம்மா.

"இன்னும் சாப்பிடவே இல்லீங்களே."

"பாத்தாலே நல்லாருக்குதுங்."

அந்தப் பெண் குழப்பத்தோடு போனாள். எக்லேர் மேலிருந்த சாக்லேட் வியர்த்தது. தமிழ்ச்செல்வன் நவ்யா அக்காவைப் பார்க்கக் கூடாது என்பதற்காக டார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஸ்ட்ராபெரிக்கே வெட்கம் வந்திருக்கும்.

கொஞ்ச நேரத்தில் ஃபர்சானா ஒரு சின்னத் தட்டோடு வந்தாள். புதிதாகப் போட்ட பாதாம் குரோசானைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி எல்லா மேசைக்கும் ருசி பார்க்கக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தட்டை நீட்டியதும் வள்ளியாத்தாளின் கை தானாகப் போயிற்று. தினமும் அண்டா சாம்பாரைக் கரண்டியில் எடுத்து ருசி பார்க்கிற கை, அதற்குச் சம்பந்தமும் தெரியாது, சம்மதமும் தெரியாது. ஒரு துண்டு வாய்க்குள் போய்விட்டது.

வள்ளியாத்தாள் மென்றதைப் பாதியில் நிறுத்தினார். துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. என் வாயில் "ஆச்சு, சம்மதம்!" என்று வந்துவிட்டது. பெரியம்மா இடத்தில் நான் இருந்திருந்தால் அதை வைத்தே பிடித்துப்போட்டிருப்பேன்.

பெரியம்மா என் தொடையில் கிள்ளினார்.

"அது கடக்காரப் புள்ள குடுத்ததுங் அம்மிணி. எங்க தட்டு இல்லீங்களே. கணக்குல வராது. நீங்க முழுங்குங்."

வள்ளியாத்தாள் விழுங்கினார். பெரியம்மாவை முதன்முதலாக நேராகப் பார்த்தார். பிறகு, "வெளிய போய் இவன்கூட ரெண்டு வார்த்த பேசிட்டு வாரேனுங்" என்று மகனைக் கூட்டிக்கொண்டு எழுந்தார்.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே பூந்தொட்டிகளுக்கு நடுவில் நின்று பேசினார்கள். கதவு சாத்தியிருந்தது, ஒரு வார்த்தையும் கேட்காது. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. தமிழ்ச்செல்வன் முதுகைக் காட்டி நின்றார். வள்ளியாத்தாளின் முகம் எங்களைப் பார்த்தபடி இருந்தது.

பெரியம்மா அந்த உதட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

எனக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. "பொண்ணுல கொற இல்ல." பிறகு, "அந்தம்மா." பிறகு, "எத்தன சத்தம்." பிறகு கையை ஆட்டி, "புருசன் இல்ல, வேற புள்ளயும் இல்ல. நாளைக்கு நம்ம ஊட்டுலதான வந்து உக்காரும்?" மகன் ஏதோ சொன்னது முதுகில் தெரிந்தது. முதுகை வாசிக்க எங்கள் குடோனில் யாருக்கும் தெரியாது. வள்ளியாத்தாள் தலையைப் பலமாக ஆட்டினார்.

அக்கா கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்கவும் தைரியமில்லை.

"என்னம்மா பேசறாங்க?"

"மழயப் பத்தி கண்ணு. அன்னூர்ல மழயே இல்லையாமா" என்றார் பெரியம்மா. அவ்வளவு மெதுவான குரல் அவரிடம் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "ஆமாக்கா, மழதான்" என்றேன். பொய் சொல்வது எனக்குத் தண்ணீர் குடிப்பது மாதிரி. அன்றைக்குத் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

அவர்கள் திரும்பி வந்தார்கள். வள்ளியாத்தாள் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, ஒயர் கூடையை எடுத்தார்.

"அப்பறம்ங்... பெரியவிய கிட்டக் கலந்துபோட்டுச் சொல்லி அனுப்பறோமுங்."

இதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அக்காவின் கை மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தது. தட்டு வைத்தது வைத்தபடியே இருந்தது.

"உக்காருங்கம்மிணி" என்றார் பெரியம்மா. "ஒண்ணு சொல்லிப்போடறேன். கேட்டுட்டுப் போங்க."

கடையே திரும்பிப் பார்த்தது. வள்ளியாத்தாளுக்கு உட்காருவதைத் தவிர வேறு வழி இல்லை.

"நீங்க வெளிய பேசுனது எனக்குத் தெரிஞ்சுபோச்சுங். தறி ஓட்டறவளுக்குக் காது கேக்காது, வாயப் பாத்தாத் தெரியுமுங். நான் வேணுமின்னு பாக்கலீங், கண்ணு தானாப் போயிருச்சு. தெரிஞ்சுக்கிட்டுத் தெரியாத மாதிரி உக்காந்திருந்தா அது உங்க பேச்சத் திருடுன மாதிரிங். அதுனால சொல்றேன்."

வள்ளியாத்தாளின் முகம் கறுத்தது. அக்கா என் கையை விட்டாள். "மழையா?" என்று என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள். நான் மேலே ஃபேனைப் பார்த்தேன். ஏசி கடை, ஃபேன் இல்லை.

"நீங்க நெனச்சதுல தப்பு ஒண்ணும் இல்லீங்" என்று பெரியம்மா தொடர்ந்தார். "நான் ஒத்தக்கட்டைதான். சத்தமாப் பேசறவதான். ஆனா உங்க ஊட்டுல வந்து உக்காரப்போறதில்லீங். எனக்குத் தறி இருக்குது, பல்லடத்துல ஊடு இருக்குது. நீங்க யோசிச்சுச் சொல்லுங்க. வேண்டாமின்னாலும் எனக்கு வருத்தமில்லீங்."

கடைசியாகச் சொன்னதுதான் பொய். அது அவருடைய கண்ணிலேயே தெரிந்தது.

வள்ளியாத்தாள் கொஞ்ச நேரம் முந்தானையைத் திருகினார். பிறகு, "நான் பேசுனதப் பாத்தீங்களே, அதுக்கு இவன் சொன்னதப் பாத்தீங்களா?" என்றார்.

"முதுகு தெரிஞ்சுதுங். வேற ஒண்ணும் தெரியல."

"'அத்த வந்தா வரட்டும், மாடியில ஒரு ரூம்பு போட்டுரலாமு'ன்னானுங். என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. அவனாவே ரூம்பு கட்டிப்போட்டான்."

தமிழ்ச்செல்வன் டார்ட்டை இன்னும் ஆழமாகப் பார்த்தார். அக்கா முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, வரலாமா கூடாதா என்று நின்றது.

"எனக்கு வெசனம் ரூம்பு இல்லீங்" என்றார் வள்ளியாத்தாள். இப்போது அவர் குரல் தழைந்திருந்தது. "இவங்கப்பா போனதுலருந்து அந்த ஊட்டுல எனக்குன்னு இருக்கறது அடுப்பு ஒண்ணுதான். இன்னொரு அம்மா வந்து நின்னா, அடுப்பு யாருதுங்? நான் எங்க நிக்கறது?"

பெரியம்மா அவரையே பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் சிரித்தால் குடோனில் தறியே ஒரு நொடி நிற்கும் என்பார்கள்.

"அட அம்மிணி! எனக்குச் சமைக்கவே தெரியாதுங்! இவளக் கேளுங்க!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரியம்மாவுக்காக நான் ஏதாவது செய்ய முடியும் என்றால் அது இப்போதுதான் என்று தோன்றியது.

"நெசந்தானுங்" என்றேன். "பெரீம்மா வெச்ச ரசத்த ஒருக்கா எங்க தெரு நாய்க்கு ஊத்துனேன். அது அடுத்த தெருவுக்கே குடி போயிருச்சுங்."

வள்ளியாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்தினார். பொத்தியும் நிற்கவில்லை. அந்தப் பெரிய உடம்பு முழுக்கக் குலுங்கியது.

"இட்லி?" என்று கேட்டார் மூச்சு வாங்கிக்கொண்டே.

"ஊட்டுச் செவுத்துல ஓட்டை இருந்துச்சுங். அதுல வெச்சு அடைச்சோம்."

"போதும்டீ!" என்றார் பெரியம்மா. ஆனால் அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். "அடுப்பு உங்களுதுங் அம்மிணி. அதுல எனக்கு ஒரு பங்கும் வேண்டாம். ஆனா ஒண்ணு. என்ற மவ வேலைய உடமாட்டா. அத மட்டும் கேட்டுக்கறேன்."

"நான் வேலைய உட்டனா, அவள உடச் சொல்றதுக்கு?" என்றார் வள்ளியாத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு தட்டை நோக்கிக் கையை நீட்டினார்.

கவுண்டரில் ஃபர்சானா யாருக்கோ மிச்சச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். எப்போது விஷயம் அவளுக்குப் புரிந்தது என்று தெரியவில்லை. அவள் வீட்டிலும் இந்தப் படலம் நடந்திருக்கும்.

வள்ளியாத்தாள் குரோசானை எடுத்தார். நடுவில் பிய்த்தார். ஆறிப்போயிருந்தும் அது சருகு மாதிரி நொறுங்கி, அவர் சேலை முழுக்கப் பொன்னிறத் தூளாகக் கொட்டியது. உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக, மெத்தென்று இருந்தது. வாயில் வைத்து, கண்ணை மூடி மென்றார். அது அண்டா முன்னால் நிற்கிற முகம். உப்பு, புளி எல்லாவற்றையும் நாக்கில் வைத்து எடைபோடுகிற முகம்.

"வெண்ணெ" என்றார். "சுத்தமான வெண்ணெ. கை தாராளமாப் போட்டிருக்கானுங்." கொஞ்சம் பொறுத்து, "நீங்களும் எடுங்க" என்றார்.

நவ்யா அக்கா அழுதுவிட்டாள். தமிழ்ச்செல்வன் கையில் அகப்பட்டது எக்லேர், அதை அவளிடம் நீட்டினார். கண் துடைக்கத் துணி கொடுக்க வேண்டிய நேரத்தில் எக்லேர் நீட்டுகிற மாப்பிள்ளை கிடைப்பது எல்லோருக்கும் வாய்க்காது.

பெரியம்மா தின்றதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் குரோசானின் மேல் அடுக்கை மட்டும் உரித்து நாக்கில் வைத்தார். அது கரைகிறவரை அசையவில்லை. பிறகு ஸ்ட்ராபெரி டார்ட். புளிப்பு ஏறியதும் ஒரு கண் மட்டும் மூடிக்கொண்டது. எக்லேரைக் கடித்தபோது உள்ளிருந்த கிரீம் மூக்கில் ஒட்டியது. துடைக்கவில்லை. பச்சை மாக்கரோனைக் கடித்துவிட்டு, "ஓடு மாதிரி இருக்குதுன்னு பாத்தா, உள்ள மேகமா இருக்குதே புள்ள" என்றார். அட்டைப் பெட்டியும், இடி மாதிரி அடிக்கிற நாடாவும், ஓசூரும் அந்த நேரத்தில் அந்த முகத்தில் எங்கும் இல்லை. மூக்கில் கிரீமோடு என் பெரியம்மா அவ்வளவு அழகாக இருந்தார். போட்டோ எடுக்கலாம் என்று போனை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். போட்டோ எடுத்திருந்தால் துடைத்துக்கொண்டிருப்பார்.

தட்டு காலியானதும் வள்ளியாத்தாள் எழுந்து கவுண்டருக்குப் போனார். அன்னூரில் அவருடைய அண்ணன் தம்பி வீடுகளுக்கு எல்லாம் வெறுங்கையோடு போய், பேசி முடிச்சாச்சு என்று சொல்ல முடியாதாம். இனிப்போடு போக வேண்டுமாம். வரிசையில் முன்னால் நின்றவர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கண்ணாடிப் பெட்டியை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் திரும்பி, எங்கள் மேசை நோக்கி, கடை அதிரக் கூப்பிட்டார்.

"ஏனுங் சம்பந்தீ! இதுல எது எங்கண்ணன் ஊட்டுக்கு வாங்கலாம்? இங்க வந்து சொல்லுங்க!"

பெரியம்மா ஒரு நொடி அப்படியே உட்கார்ந்திருந்தார். காது கேட்காததால் அல்ல. பிறகு பச்சைப் பட்டை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"உங்கண்ணனுக்குப் பல்லு எப்படிங்?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

"ரெண்டு பக்கமும் இல்லீங்."

"அப்ப மேகத்தயே வாங்கிப்போடலாமுங். ஃபர்சானா கண்ணு, எல்லாக் கலர்லயும் போடு!"